தொழுவமும் தோட்டமும்: நகர வேளாண்மையின் சொற்கள்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் அருகருகே உள்ளன. முன்னது ஆங்கிலம், பின்னது மலாய். இரண்டும் எருமையையே குறிக்கின்றன. அவ்வட்டாரத்தின் பழம்பெயரான கண்டாங் கெர்பாவ் என்பதற்கு எருமைத் தொழுவம் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் நீரும் புல்லும் நிறைந்திருந்த அவ்விடத்தில் மாட்டு வணிகம் செழித்தது. நம்மவர் பலர் அத்தொழிலை நாடிக் குடியேறினர். தொழுவங்கள் மறைந்தன, பெயர்கள் நிலைத்தன.

தொழில் நீங்கினால் அதன் சொற்களும் வழக்கொழிகின்றன. கொட்டில், கழுநீர், சீம்பால் முதலியன அடுக்குமாடி வீடுகளில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அகராதிச் சொற்களாகிவிட்டன.

ஆயினும் பயிர்த்தொழில் நகருக்குத் திரும்பியுள்ளது. 2005இல் தேசியப் பூங்காக் கழகம் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 2020இல் வீவக பலமாடிக் கார்நிறுத்துமிடங்களின் மேல்தளங்கள் காய்கறிப் பண்ணைகளுக்காக ஏலக்குத்தகைக்கு விடப்பட்டன.

இங்கே 'தோட்டம்' என்னும் சொல் நம் கருத்துக்குரியது. மலேசியத் தமிழரிடையே அது ரப்பர்த் தோட்டத்தையும் அங்கு உழைத்தோரின் கூலி வாழ்வையும் உணர்த்தியது. இன்று அதுவே அண்டை வீட்டார் விரும்பிக் கூடிக் கீரை விதைக்கும் இடத்தையும் சுட்டுகிறது. புழங்கும் இடம் கிடைத்ததால் அச்சொல் புதுப்பொருள் பெற்றது.

பாத்தி, நாற்று, எரு, பதியம் ஆகியவற்றுக்கும் அத்தகைய இடம் வேண்டும். சமூகத் தோட்டத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, செய்யும் வேலையைத் தமிழிலேயே சொல்லித் தருவோமாயின், அச்சொற்கள் அடுத்த தலைமுறையின் பேச்சில் நிலைபெறும்.