புல்லை அளக்காத கணக்கு

நீலகிரியில் மறுபடியும் மின்சாரக் கணக்குப் பேச்சு சூடு பிடித்திருக்கிறது. போர்த்திமந்துக்கும் அவலாஞ்சி, எமரால்டு அணைகளுக்கும் நடுவே 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டம். சில்லஹல்லாவில் 1,000 மெகாவாட்டுக்கு ஒரு யோசனை. காற்றாலையும் சூரியத் தகடும் பெருகப் பெருக, மாலை ஆறு மணிக்கு மேல் கைகொடுக்க மலைத் தண்ணீர் வேண்டும் என்கிறார்கள். மலையில் இன்னும் எவ்வளவு மின்சாரம் மிச்சமிருக்கிறது என்று இதற்கு முன்பும் பலமுறை அளந்திருக்கிறோம். அந்த அளவையில் ஒரு முக்கியமான பொருள் எப்போதும் விடுபட்டுப் போகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

தேசக் கணக்கிலிருந்து தொடங்கலாம். 1950களில் இந்தியா முழுக்க ஆற்றுப் படுகைகளை ஆராய்ந்தபோது, 60 சதவீதச் சுமை விகிதத்தில் சுமார் 42,100 மெகாவாட் கிடைக்கும் என்றார்கள். 1978 முதல் 1987 வரை நடந்த மறுமதிப்பீட்டில், அதே அடிப்படையில், அது 84,000 மெகாவாட்டாக இரட்டித்தது. நிறுவுதிறனாகச் சொன்னால் 1,48,700 மெகாவாட். சமீபத்திய மதிப்பீட்டில் நிறுவுதிறன் 1,33,000 சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. இத்தனைக்கும் மலை வளரவும் இல்லை, தேயவும் இல்லை. வரைபடம் துல்லியமானது, புதிய இடங்கள் கண்ணில் பட்டன, சில இடங்கள் ஆகாது என்று கழிந்தன. அதாவது, இந்த எண் மலையின் குணத்தைக் காட்டுவதைவிட நாம் எதை எதைக் கணக்கில் சேர்த்தோம் என்பதையே காட்டுகிறது.

பொறியாளர் முதலில் பார்ப்பது இரண்டை: எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது. விநாடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் 900 மீட்டர் இறங்கினால், தேய்மானம் போக சுமார் 7.5 மெகாவாட் கிடைக்கும். பைக்காராவின் பெருமை இந்த உயரத்தில்தான் இருக்கிறது. கிளன்மார்கன் விளிம்பிலிருந்து மலையை ஒட்டியே இறங்கும் ராட்சதக் குழாய்கள் 3,000 அடிக்கும் கீழே சிங்காராவில் போய் முடிகின்றன. மேட்டூரில் தண்ணீர் 120 அடிக்கு நிரம்பி நிற்கும்போதுகூட, அதே மின்சாரத்துக்குக் கிட்டத்தட்ட 25 மடங்கு தண்ணீரைத் திறந்துவிட வேண்டியிருக்கும். 1932இல் பைக்காரா ஓடத் தொடங்கியதும் கோவை மில்களின் தலையெழுத்து மாறிய கதை ஊரறிந்தது.

குந்தா இன்னொரு விதத்தில் கெட்டிக்காரத்தனம். 1960 வாக்கில், கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கைகொடுக்க, ஒரே தண்ணீரை அவலாஞ்சி, குந்தா, கெத்தை, பரளி என்று படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் மின்சாரம் எடுத்துவிட்டுக் கடைசியில் பவானிக்கு விடும் ஏற்பாடு. பிறகு சேர்ந்தவற்றையும் கூட்டினால் இன்று அந்தத் தொகுப்பில் 585 மெகாவாட். இதைத் திட்டமிட்டவர்கள் மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

உயரத்தை ஒருமுறை அளந்தால் போதும், அது மாறாது. தண்ணீர்தான் தகராறு. சிற்றோடையில் ஆரம்ப அளவை எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் வியப்பாக இருக்கும். நேராக ஓடும் ஒரு துண்டைத் தேர்ந்து, இரண்டு முனையிலும் கயிறு கட்டுகிறார்கள். மேல் முனையில் ஒரு மரத்துண்டை மிதக்க விட்டு, கீழ்க் கயிற்றைத் தொட எத்தனை விநாடி என்று கடிகாரத்தில் பார்க்கிறார்கள். அடித்தண்ணீர் மேல்தண்ணீரைவிட மெதுவாகப் போவதால், வந்த வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்கிறார்கள். ஓடையின் அகலம், ஆழத்தோடு பெருக்கினால் ஓட்டம் வந்துவிடும். பெரிய திட்டம் என்றால் தடுப்பு கட்டி, அளவுகோல் நட்டு, வருடக்கணக்கில் பதிவு செய்கிறார்கள். அந்த வருடங்களை வரிசைப்படுத்தி, பத்தில் ஒன்பது வருடம் நிச்சயம் கிடைக்கும் தண்ணீர் எவ்வளவு என்று எடுத்து, அதன் மேல்தான் திட்டத்தை நிறுத்துகிறார்கள்.

முறையில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் இதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: நேற்று தண்ணீர் தந்த நிலம் நாளையும் அப்படியே தரும் என்ற நம்பிக்கை. நீலகிரியில் அந்த நிலம் என் தாத்தா காலத்திலிருந்து மாறிக்கொண்டே இருக்கிறது.

முக்கூர்த்திப் பக்கம் கோடையில் போய்ப் பார்க்க வேண்டும். மேட்டுப் புல்வெளி பழுப்பேறிக் காய்ந்து கிடக்கும். இரண்டு குன்றுகளுக்கு நடுவே இருக்கும் சதுப்பில் இறங்கினால் மட்டும் கணுக்கால் வரை அமுங்கும். கறுப்பு மண்ணை ஒரு கை அள்ளிப் பிழிந்தால், மழை நின்று மாதங்கள் ஆகியும் தண்ணீர் சொட்டும். சதுப்பின் ஓரத்தில் விரல் தடிமனில் ஒரு கசிவு புறப்படுகிறது. அப்படிப் பல கசிவுகள் சேர்ந்ததுதான் மார்ச் மாதத்து ஓடை. தோடர்கள் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்தது இந்த நிலத்தில்தான். மழையை வாங்கி வைத்து, மெல்ல மெல்லக் கீழே விடுகிற இந்தப் புல்லும் சதுப்பும் சோலையும்தான் நீலகிரியின் முதல் அணை. எந்தத் திட்டத்தின் கொள்ளளவிலும் இதற்கு இடமில்லை.

19ஆம் நூற்றாண்டில் விறகுக்கென்று கற்பூர மரம் வந்தது. தோல் பதனிடும் பட்டைக்கென்று சீகை வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, செயற்கைப் பட்டுக்கும் மரக்கூழுக்குமாக இரண்டும் குன்று குன்றாக நடப்பட்டன. புல்வெளி என்றால் தரிசு என்று கணக்கெழுதிய காலம் அது. மேலே மரம் நட்டதும் கீழே அணை கட்டியதும் ஒரே பத்தாண்டுகளில் நடந்தன. ஒன்றின் கோப்பு மற்றொன்றின் மேசைக்கு வரவில்லை.

இதன் விலை என்ன என்பதற்கு ஊட்டியிலேயே விடை இருக்கிறது. கிளன்மார்கனில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை, தலா சுமார் 32 ஹெக்டேர், மண்-நீர்ப் பாதுகாப்பு விஞ்ஞானிகள் 1968 முதல் அளந்தார்கள். சில வருடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, 1972இல் ஒன்றைப் புல்லாகவே விட்டுவிட்டு, மற்றதில் பாதிக்குச் சற்று அதிகமான பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். மரம் நட்ட பக்கம், முதல் பத்து வருடச் சுற்றில் மொத்த நீரோட்டம் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் 25 சதவீதம் குறைந்தது. என்னைத் தூங்கவிடாத எண் இது அல்ல. கோடையில் கசிந்து வரும் ஓட்டம் முதல் சுற்றில் பாதியாகவும், இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகவும் சுருங்கியது. அதுவும் நிலத்தின் ஒரு பகுதியில் மட்டும் நட்டதற்கு!

பைக்காரா குழாய்கள் இறங்குகிற அதே கிளன்மார்கனில் கிடைத்த முடிவு இது. உலக அளவில் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு. இதை வைத்து ஒரு திட்டத்தின் மெகாவாட்டை யாராவது திருத்திக் கணக்கிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மழை பெய்கிறதே, அணை நிரம்புகிறதே என்று கேட்கலாம். நிரம்புகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆனால் அப்படிக் கொட்டுகிற மழை மண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறது. சரிவுக்குக் குறுக்கே பாத்தி கட்டாமல் மேலிருந்து கீழாக வரப்பிட்ட உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்கள் ஒவ்வொரு மழைக்கும் செம்மண்ணை ஓடைக்குக் கொடுக்கின்றன. குந்தாபாலம் அணையும் பில்லூரும் சேறு தட்டிக் கிடப்பதை உள்ளூரில் யாரும் சொல்வார்கள். பில்லூர் கோவைக்குக் குடிதண்ணீரும் தரும் அணை. காகிதத்தில் உள்ள கொள்ளளவுக்கும் அணையில் உள்ள கொள்ளளவுக்கும் இடைவெளி விரிந்துகொண்டே போகிறது.

நீரேற்று மின்திட்டத்துக்கு ஆற்றுத் தண்ணீர் புதிதாகத் தேவையில்லை, இருப்பதையே மேலேற்றிக் கீழிறக்குகிறோம் என்பது மின்துறையின் வாதம். தோட்டக்காரர்களும் விவசாயத்தை விட்டுவிட்டு எங்கே போவது என்று கேட்கிறார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனாலும், சுழற்றுவதற்கு முதலில் தண்ணீர் நிற்க வேண்டும், அது நிற்க இடமும் வேண்டும். ஆவியாகிப் போவதை ஈடுகட்டுவதும் மேலேயிருந்து வரும் அந்தக் கசிவுதான்.

ஆகவே கேட்பது இதுதான். இனி மலையில் எந்த மின்திட்டத்தை மதிப்பிட்டாலும், ஓட்டத்தின் பதிவுக்குப் பக்கத்திலேயே நீர்ப்பிடிப்பின் பதிவும் இருக்கட்டும்: புல் எவ்வளவு, சோலை எவ்வளவு, சீகை எவ்வளவு, தோட்டம் எவ்வளவு, சதுப்பு எத்தனை, இருபது வருடம் முன்பு இவை எப்படி இருந்தன. மழைக்காலத்து ஓட்டத்தையும் கோடையோட்டத்தையும் தனித்தனியாகக் காட்டட்டும். ஆண்டு சராசரி ஒன்றை மட்டும் எழுதினால் கோடையின் இழப்பு அதற்குள் மறைந்துபோகும்.

விற்கும் மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஒரு சிறு தொகையைப் புல்வெளி மீட்புக்கு ஒதுக்க வேண்டும். முக்கூர்த்தியில் சீகையை அகற்றி, உள்ளூர்ப் புல்லைத் திரும்பக் கொண்டுவரும் வேலை ஏற்கெனவே நடந்திருக்கிறது. முடியாத காரியம் இல்லை. ஆனால் ஒரு தடவை வெட்டிவிட்டு வந்தால் ஆகாது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். வெயில் பட்டதும் கொத்துக் கொத்தாக முளைக்கும். வருடாவருடம் போய் நாற்றைப் பிடுங்க ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். குழாய்க்கும் டர்பைனுக்கும் வருடாந்தரப் பராமரிப்புச் செலவு எழுதும் அதே ஏட்டில் இதற்கும் ஒரு தலைப்பு திறக்கப்பட வேண்டும். திட்டத்தின் ஆயுள் எத்தனை வருடமோ, அத்தனை வருடத்துக்கும்.