மஞ்சளை அளக்கும் விதம்

முகப்பூச்சும் சோப்பும் தயாரிப்போர் மஞ்சள் வாங்குங்கால் கிழங்கின் பளபளப்போடு நிற்பதில்லை. குர்குமின் எத்தனை சதவீதம் என்று வினவுகின்றனர். மஞ்சளுக்கு நிறந்தரும் சத்து அது. 1815ஆம் ஆண்டிலேயே இரசாயன அறிஞர்கள் அதனைப் பிரித்தெடுத்துவிட்டனர். ஈரோட்டு மஞ்சளில் அது 3 சதவீதத்தையொட்டி இருக்கும். மேகாலயத்து லகடாங் மஞ்சளிலோ 7 சதவீதம்வரை காணலாம். விலை வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறுத்தெடுத்த பொடியை எரிசாராயத்தில் கொதிக்கவைத்து வடித்து, அதனூடே 425 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைச் செலுத்துவர். விழுங்கப்பட்ட ஒளியைக் கொண்டு சத்தைக் கணக்கிடுவர். எளிய சோதனைதான், ஆயினும் இதில் ஓர் ஓட்டை உண்டு. மெட்டானில் மஞ்சள் என்னும் விலக்கப்பட்ட சாயமும் ஏறக்குறைய அதே ஒளியை விழுங்கும்! நேர்மையாக விளைவித்தவரைவிடச் சாயங் கலந்தவர் கூடுதல் எண் பெற்றுவிடலாமன்றோ? ஆகவே, குர்குமினையும் அதன் இனமான ஏனைய இரு பொருள்களையும் தனித்தனியே பிரித்தளக்கும் திரவ நிறப்பிரிகைச் சோதனையையே அங்கத்தினர்கள் கோருதல் நன்று.

பூச்சாக மாறிய பின்னரும் சோதனை ஓய்வதில்லை. குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துபோகும். ஆதலின் புட்டியில் அடைத்த பூச்சைச் சில மாதங்கள் வைத்திருந்து மீண்டும் அளப்பர். நம் பொடிக்கும் இது பொருந்தும்.

மாதிரி எடுக்கும்போது ஒரே மூட்டையின் மேற்பகுதியில் அள்ளலாகாது. பல மூட்டைகளினின்று, விரலியையும் கிழங்கையும் வெவ்வேறாக எடுங்கள். ஒரு பங்கை முத்திரையிட்டு, ஒளிபுகாத டப்பாவில் சங்கத்திலேயே வைத்திருங்கள். வாங்குபவரின் சோதனை முடிவோடு மாறுபாடு எழுமாயின், மறுசோதனைக்கு அனுப்ப அது வேண்டியிருக்கும்.