படிக்கப் போன பிள்ளை ஏன் படிப்பிக்குது?

சித்தியின் மகள் ரொறன்ரோவில் கணினி விஞ்ஞானம் படிக்கிறாள். மூன்றாம் வருடம். செப்ரெம்பர் மாதம் ஒருநாள் வட்ஸ்அப்பில் அழைத்து, "அக்கா, எனக்கு ரீ.ஏ. வேலை கிடைச்சிட்டுது" என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அம்மம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தா. அது என்ன வேலை என்று அவ கேட்க, முதலாம் வருடப் பிள்ளைகளுக்குப் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிற வேலை என்றாள் தங்கச்சி. அம்மம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "படிக்கப் போன பிள்ளை ஏன் படிப்பிக்குது? அங்க வாத்திமார் இல்லையோ?" என்றா.

சரியான கேள்விதான். எனக்கும் பதில் தெரியவில்லை. நான் ஊடகக் கற்கை படித்தவள். கணினி எனக்கு எழுதுகிற கருவி மட்டும்தான். அதன் பிறகு தங்கச்சியிடம் பல இரவுகள் கேட்டும், தேடி வாசித்தும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் படிக்கும் குடும்பங்கள் எங்களிடையே நிறைய. பலருக்கும் இந்த வேலை பற்றிய விபரம் தெரிவதில்லை.

ரீ.ஏ. என்பது 'ரீச்சிங் அசிஸ்ரன்ற்' என்பதன் சுருக்கம், கற்பித்தல் உதவியாளர். வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த வேலையை வழமையாகச் செய்பவர்கள் முதுகலை, கலாநிதிப் பட்ட மாணவர்கள். கணினி விஞ்ஞானத்தில் மட்டும் நிலைமை வேறாகிவிட்டது. முதலாம் வருடப் புரோகிராமிங் பாடத்துக்கு நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரத்துக்கு மேல் மாணவர்கள் வருகிறார்கள். அவ்வளவு பேருக்கும் உதவப் பட்டமேல் மாணவர்கள் போதாது. அதனால் சென்ற வருடம் அதே பாடத்தை நல்ல புள்ளியோடு முடித்த இளங்கலை மாணவரையே சம்பளத்துக்கு எடுக்கிறார்கள்.

ஆள் பற்றாக்குறை மட்டும் காரணமல்ல. புரோகிராமிங் என்பது பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் பத்து நிமிடத்தில் விளங்குகிற, இல்லாவிட்டால் இரவு முழுக்க வதைக்கிற விடயம். ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் முழு நிரலும் நின்றுவிடும். முப்பது வருடம் படிப்பித்த பேராசிரியருக்குப் பழகாதவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது மறந்துபோயிருக்கும். போன வருடம் அதே இடத்தில் விழுந்து எழும்பியவருக்கு அது நினைவிருக்கும்.

இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவின் பிறவுண் பல்கலைக்கழகத்தில் அன்ட்ரீஸ் வான் டாம் என்ற பேராசிரியர் 1960களிலேயே இளங்கலை மாணவர்களைத் தன் கணினிப் பாடங்களுக்கு உதவியாளர்களாகச் சேர்த்துக்கொண்டார். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1988 முதல் இதற்கெனத் தனித் திட்டமே இருக்கிறது. அங்கு தெரிவாகும் மாணவர்கள் சிறு குழுக்களுக்கு வாராந்த வகுப்பு எடுப்பார்கள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதையே அவர்களுக்கு ஒரு பாடமாகப் படிப்பிக்கிறார்கள்.

தங்கச்சியின் வேலை வாரத்தில் இரண்டு நாள் மாலை. ஓர் அறை, வரிசையாகக் கணினிகள், உதவி கேட்போரின் பெயர்கள் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறும். ஒப்படை கொடுக்கவேண்டிய நாளுக்கு முதல்நாள் அந்தப் பட்டியல் நாற்பது பேரைத் தாண்டும் என்கிறாள். ஒருவருக்கு ஐந்து, ஆறு நிமிடம்தான்.

அவர்களுக்குப் பயிற்சியில் முதலில் சொல்லப்பட்ட விதி, மாணவரின் கீபோர்ட்டைத் தொடக்கூடாது என்பது. பிழை கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் திருத்திக் கொடுக்கக்கூடாது. "இந்த வரி என்ன செய்யும் எண்டு நினைக்கிறீங்கள்?" என்று கேட்கவேண்டும். பதில் சொல்லத் தொடங்கும்போதே பலருக்குத் தங்கள் பிழை பிடிபட்டுவிடுமாம். பிடிபடாவிட்டால், இடையில் ஒரு மாறியின் பெறுமதியை அச்சிட்டுப் பார்க்கச் சொல்லவேண்டும். இவள் பொறுமை இல்லாத பிள்ளை. முதல் மாதம் கைகளை மடியில் வைத்து அதன்மேல் இருந்துகொண்டாளாம்.

இதைக் கேட்டபோது எனக்கு வேறு ஓர் அறை நினைவுக்கு வந்தது.

செட்டிகுளம் முகாமில் இருந்து வெளியே வந்து அதிக காலம் ஆகாத நிலையில் நான் பல்கலைக்கழகம் போனேன். வன்னியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் கணினி இருந்தது என்பது உண்மை. மூடிய அறைக்குள், ஜெனரேற்றர் ஓடுகிற நாளில் மட்டும். நான் அதைத் தொட்டதில்லை. முதலாம் வருடத்தில் எங்களுக்குக் கணினி அடிப்படை என்று ஒரு பாடம் வந்தது, ஆங்கிலத்தில். எக்செல் சூத்திரங்கள், சின்னதாக ஓர் இணையப் பக்கம். கூடப் படித்த ஒருத்தி இரக்கப்பட்டு என் முதல் ஒப்படையைப் பத்து நிமிடத்தில் தானே செய்து தந்தாள். நல்ல புள்ளி வந்தது. செய்முறைப் பரீட்சை அன்று வெறும் திரையைப் பார்த்தபடி ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு எழும்பி வந்தேன்.

மீட்டது ஒரு குப்பி. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இந்தச் சொல் பலருக்கும் தெரிந்தது. பரீட்சைக்கு முன்னால் விளங்கிய மாணவர் விளங்காதவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் குப்பி. சின்ன மண்ணெண்ணெய் விளக்கைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது என்பார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. எங்கள் ஊர்களில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. முதல் வருடம் முழுக்க அதை வாயால் சொல்ல எனக்கு ஒரு தயக்கம் இருந்தது.

எங்களுக்குக் குப்பி எடுத்தவன் எங்கள் ஊர்ப் பெடியன், கணினி படித்துக்கொண்டிருந்தவன். இரவில் விடுதிக்குப் பக்கத்து மண்டபத்தில் எட்டு, பத்துப் பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி இருப்போம். அவன் மௌசில் கை வைக்கமாட்டான். "நீ செய், நான் பார்க்கிறன்" என்பான். பிழைத்தால் சிரிக்கமாட்டான். யாரும் அவனுக்கு அந்த விதியைப் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கவில்லை.

மறுபடி எழுதிச் சித்தியடைந்தேன். அவன் தன் இரண்டாம் வருடத்தில் இரண்டு பாடங்களை மறுபடி எழுதவேண்டி வந்தது. எங்களோடு செலவழித்த இரவுகள்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் வேறு பிரச்சினைகளும் இருந்தன. ஆனால் அந்த இரவுகள் எங்கும் பதிவாகவில்லை. பட்டம் முடித்துப் பயிற்றுநர் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது, கற்பித்தல் அனுபவம் என்ற இடத்தை வெறுமையாக விட்டான். குப்பி எடுத்தேன் என்று எப்படி எழுதுவது? எங்கள் பல்கலைக்கழகங்களில் சம்பளத்துக்குக் கற்பிக்க உதவுபவர்கள் பெரும்பாலும் பட்டம் முடித்துத் தற்காலிகமாக எடுக்கப்படுபவர்கள். படிக்கும்போதே செய்கிற வேலைக்குப் பெயர் இல்லை, கடிதம் இல்லை.

தங்கச்சிக்கு இருக்கிறது. மணித்தியாலக் கணக்கு எழுதிய தாள்: பயிற்சிக்கு இவ்வளவு, உதவி நேரத்துக்கு இவ்வளவு, புள்ளியிட இவ்வளவு. கணக்கை மீறினால் பேராசிரியரிடம் சொல்லலாம். அவர் கேட்காவிட்டால் சங்கத்திடம் போகலாம். அந்தத் தாள் தானாக வரவில்லை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் கற்பித்தல் உதவியாளர்கள் 2015 பெப்ரவரி இறுதியில் தொடங்கி ஏறக்குறைய நான்கு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறவுணில் கணினித் துறையின் இளங்கலை உதவியாளர்கள் 2023இல் வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள்.

இதில் அதிகம் படிப்பினை உள்ளது கலிபோர்னியாவின் பேர்க்லியில் நடந்தது. அங்கு உதவியாளர் ஒருவர் வாரத்துக்கு 10 மணித்தியாலம், அதாவது முழுநேர வேலையின் 25 வீதம், நியமிக்கப்பட்டால் அவரது கல்விக் கட்டணத்தையும் பல்கலைக்கழகம் விலக்கவேண்டும் என்று சங்க ஒப்பந்தம் சொன்னது. கணினித் துறையோ இளங்கலை மாணவர்களைப் பெருமளவில் வாரத்துக்கு 8 மணித்தியாலத்துக்கு நியமித்தது. இரண்டு மணித்தியாலம்தான் வித்தியாசம், ஆனால் கட்டணச் சலுகை முழுதாகப் போய்விடும். சங்கம் முறையிட்டது. 2020 ஜனவரியில் நடுவர் மாணவர்களின் பக்கம் தீர்ப்பளித்தார். பல்கலைக்கழகம் கொடுக்கவேண்டிய தொகை 50 இலட்சம் டொலர் அளவில் என்று கணக்கிடப்பட்டது. ஆகவே பிள்ளைக்கு இப்படி வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லும் பெற்றோரிடம் நான் இப்போது முதலில் கேட்பது எத்தனை மணித்தியாலம் என்றுதான். எவ்வளவு சம்பளம் என்பது பிறகு.

வேலையின் கடினமான பக்கம் புள்ளியிடுவது. நிரல் சரியாக ஓடுகிறதா என்பதை இன்னொரு நிரலே சோதித்துவிடும். எழுதிய விதம், விளக்கக் குறிப்புகள் இவற்றை ஆள் பார்க்கவேண்டும். பார்த்தடித்தலைக் கண்டுபிடிக்க 'மொஸ்' என்றொரு மென்பொருள் உண்டு. அலெக்ஸ் எய்கன் என்பவர் 1994இல் உருவாக்கியது; இன்றும் பல இடங்களில் பாவிக்கிறார்கள். மாறிகளின் பெயரை மாற்றினாலும், இடைவெளிகளைக் கூட்டிக் குறைத்தாலும் அதற்கு எடுபடாது. நிரலின் கட்டமைப்பைத் துண்டு துண்டாக ஒப்பிடும். ஆனால் இரண்டு விடைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று மட்டும்தான் அது காட்டும். களவா இல்லையா என்று மனிதர்கள்தான் முடிவெடுக்கவேண்டும். சற்ஜிபிரி வந்தபிறகு அதுவும் சிக்கலாகிவிட்டது. அது எழுதிக் கொடுத்ததை ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மாணவரின் விடை இருக்காது.

நவம்பரில் ஒருநாள் தங்கச்சி அழைத்தாள். அங்கு நள்ளிரவு, இங்கு காலை. அவள் திருத்திய விடைகளில் இரண்டு ஒரேமாதிரி இருந்தன. இரண்டிலும் ஒரே சொல் ஒரேமாதிரி எழுத்துப்பிழையோடு இருந்தது. ஒருவன் தமிழ்ப் பெடியன். பெயரை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உதவி நேரத்தில் கடைசி ஆளாக வருபவனாம். யாரும் இல்லாவிட்டால் தமிழில் கேட்பானாம். இரவில் களஞ்சியம் ஒன்றில் வேலை. ஊரில் இருந்து தாயோடு போய் நான்கு வருடம்.

"நான் பார்க்காத மாதிரி விடலாம் அக்கா" என்றாள்.

நான் என்ன சொல்ல? அந்தச் செய்முறைப் பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். விடு என்றும் சொல்லவில்லை, கொடு என்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் விடவேண்டும் என்றுதான் உள்ளுக்குள் விரும்பினேன்.

அவள் அதைப் பேராசிரியரிடம் கொடுத்தாள். முடிவெடுப்பது உதவியாளரின் வேலை அல்ல. கண்டதைக் கொடுப்பதோடு அவளது பங்கு முடிகிறது. என்ன நடந்தது என்று அவளுக்கும் சொல்லப்படவில்லை. அடுத்த கிழமை அவன் உதவி அறைக்கு வந்தானாம். தன் பெயர் திரையில் மேலே வந்ததும், இவள் கையை உயர்த்தியும், மற்ற உதவியாளர் ஓய்வாகும்வரை காத்திருந்து அவரிடம் போனான். தவணை முடியும்வரை அப்படித்தான். அவள் இதை மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

குப்பி எடுத்த நண்பன் இப்போது பரந்தனில் போட்டோப் பிரதிக் கடை வைத்திருக்கிறான். விண்ணப்பங்களை ஒன்லைனில் நிரப்பிக் கொடுப்பதுதான் அவனுக்கு அதிகம் வருமானம். போன மாதம் கடையில் இருந்தபடி இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். பேர்க்லி வழக்கை அவன் கவனமாகக் கேட்டான். ரொறன்ரோவில் மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று கேட்டு, நான் சொன்ன தொகையைக் கல்குலேற்றரில் ரூபாயாக்கிப் பார்த்தான். பிறகு ஒரு கிழமைக்கு எத்தனை இரவு இருந்திருப்போம் என்று என்னிடம் கேட்டான். நான்கு என்று நான் சொன்னேன். ஐந்து என்றான் அவன்.

அதற்குள் ஒரு பெடியன் கம்பஸ் விண்ணப்பம் நிரப்ப வந்தான். நண்பன் எழும்பிக் கதிரையை அவனிடம் தள்ளிவிட்டு, "நீயே அடி, நான் பார்க்கிறன்" என்றான்.