அரசு ஊழியர்களுக்கு வெளிப் பயிற்சி: யார் முடிவு செய்கிறார்கள்? யார் செல்கிறார்கள்? யார் விடுபடுகிறார்கள்? ஒரு விளக்கம்

அல்வால் (ஹைதராபாத்): அரசு அலுவலகத்துக்குச் செல்லும் பொதுமக்களில் பலரும் ஒரு முறையேனும் கேட்டிருக்கக்கூடிய பதில், "சார் பயிற்சிக்குப் போயிருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள்" என்பதாகும். அந்தப் பயிற்சி எங்கே நடக்கிறது, அதற்கான கட்டணத்தை யார் செலுத்துகிறார்கள், அவரை அனுப்ப முடிவு செய்தது யார், திரும்பி வந்தபின் அதனால் யாருக்குப் பயன் ஆகிய கேள்விகள் பெரும்பாலும் எழுவதில்லை. பொதுப் பணத்தில் நடைபெறும் இந்த ஏற்பாட்டின் படிநிலைகளை இத்தொகுப்பு விளக்குகிறது.

ஒரே புறநகர், மூன்று நிர்வாகங்கள்

ஹைதராபாத்தின் வடபகுதியில் அமைந்துள்ள அல்வால், 2007ஆம் ஆண்டு கிரேட்டர் ஹைதராபாத் மாநகராட்சி உருவாக்கப்பட்டபோது அதனுடன் இணைக்கப்பட்ட 12 நகராட்சிகளுள் ஒன்றாகும். இங்குள்ள ரயில் நிலையம் மத்திய அரசின் தென்மத்திய ரயில்வேயைச் சேர்ந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மாநில அரசின் கீழும், குப்பை அகற்றும் பணியாளர்கள் உள்ளாட்சி அமைப்பின் கீழும் வருகின்றனர். அருகிலுள்ள செகந்திராபாத் கன்டோன்மென்ட் பகுதியோ பாதுகாப்பு அமைச்சகத்தின் நிர்வாக வரம்புக்குள் இருக்கிறது.

எனவே, ஒரே சாலையில் பணிபுரியும் மூன்று ஊழியர்களுக்கு மூன்று வெவ்வேறு பயிற்சி விதிகள் பொருந்தக்கூடும். விதிகள் வேறுபட்டாலும், ஓர் அலுவலகம் தன் ஊழியரைப் பயிற்சிக்கு அனுப்பும்போது கடக்க வேண்டிய படிகள் ஏறக்குறைய ஒன்றே.

பயிற்சி நிறுவனங்களின் நகரம்

நாட்டின் பல முக்கியப் பயிற்சி நிறுவனங்கள் ஹைதராபாத்தில் அமைந்துள்ளன. இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி 1956ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் ஹென்லி நகரில் இருந்த நிர்வாகப் பணியாளர் கல்லூரியை முன்மாதிரியாகக் கொண்டு, அரசும் தொழில்துறையும் இணைந்து இதனை உருவாக்கின. இதன் முதல் முதல்வராகப் பொறுப்பு வகித்தவர், ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற ஜெனரல் எஸ்.எம். ஸ்ரீநாகேஷ் என்பது குறிப்பிடத்தக்கது.

இதுதவிர, 1958ஆம் ஆண்டு முசோரியில் தொடங்கி 1965ஆம் ஆண்டு இங்கு இடம்பெயர்ந்த தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனம், சர்தார் வல்லபாய் படேல் தேசிய காவல் அகாடமி, செகந்திராபாத்தில் உள்ள இந்திய ரயில்வேயின் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பயிற்சி நிறுவனம், மாநில அரசின் டாக்டர் மர்ரி சென்னா ரெட்டி மனிதவள மேம்பாட்டு நிறுவனம் ஆகியவையும் இந்நகரில் செயல்படுகின்றன. தமிழ்நாட்டில், ஈரோடு மாவட்டம் பவானிசாகரில் உள்ள அரசு அலுவலர் பயிற்சி நிலையம், சென்னையில் உள்ள அண்ணா மேலாண்மை நிறுவனம், கோவையில் உள்ள தமிழ்நாடு நகரியல் பயிற்சி நிறுவனம் ஆகியவை இத்தகைய பணிகளை மேற்கொள்கின்றன.

எது உள் பயிற்சி, எது வெளிப் பயிற்சி?

ஒரு துறை தனது சொந்தப் பயிற்சி மையத்தில், தனது அதிகாரிகளைக் கொண்டே நடத்துவது உள் பயிற்சி. ரயில்வேயின் சிக்னல் பணியாளர் ஒருவர் ரயில்வேயின் நிறுவனத்திலேயே கற்பது இதற்கு எடுத்துக்காட்டு. அதே ஊழியரை வேறொரு தன்னாட்சி நிறுவனத்துக்கோ, பல்கலைக்கழகத்துக்கோ, தனியார் அமைப்புக்கோ கட்டணம் செலுத்தி அனுப்புவதும், அங்கிருந்து பயிற்றுநர்களை அலுவலகத்துக்கே வரவழைப்பதும் வெளிப் பயிற்சியாகும்.

துறைக்குள் இல்லாத நிபுணத்துவம் தேவைப்படும்போது, உதாரணமாக இணையவழிப் பாதுகாப்பு, புவியியல் தகவல் அமைப்பு போன்றவற்றுக்கு, வெளிப் பயிற்சி அவசியமாகிறது. ஆனால், அலுவலகக் கோப்பு நடைமுறை போன்றவற்றை அனுபவமுள்ள மூத்த ஊழியரே கற்பித்துவிட முடியும். இதற்கும் வெளியாருக்குக் கட்டணம் செலுத்துவது வீண் செலவு என்பதே தணிக்கை நோக்கில் முதலில் எழக்கூடிய ஆட்சேபம்.

கொள்கை என்ன சொல்கிறது?

மத்திய அரசின் தேசியப் பயிற்சிக் கொள்கை 1996ஆம் ஆண்டு வகுக்கப்பட்டு, 2012ஆம் ஆண்டு திருத்தி அமைக்கப்பட்டது. ஒவ்வொரு அமைச்சகமும் துறையும் ஊதியச் செலவில் குறைந்தது 2.5 சதவீதத்தைப் பயிற்சிக்கென ஒதுக்க வேண்டும் என்றும், பயிற்சிக்கெனப் பொறுப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் அக்கொள்கை வலியுறுத்துகிறது. கடைநிலை முதல் உயர்நிலை வரை அனைத்துப் பணியாளர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்பதும் அதன் நோக்கமாகும்.

இதனை ஒரு கணக்கின் மூலம் புரிந்துகொள்ளலாம். 200 பேர் பணிபுரியும் அலுவலகத்தின் ஆண்டு ஊதியச் செலவு ரூ.10 கோடி எனக் கொண்டால், பயிற்சிக்கான ஒதுக்கீடு ரூ.25 லட்சம், அதாவது ஒருவருக்குச் சராசரியாக ரூ.12,500. ஐந்து உயர் அதிகாரிகளைத் தலா ரூ.1 லட்சம் கட்டணமுள்ள வகுப்புக்கு அனுப்பினாலே, 40 பேருக்கான பங்கு செலவாகிவிடும். பயிற்சி ஏற்பாட்டின் உண்மையான சிக்கல் இந்தப் பங்கீட்டில்தான் தொடங்குகிறது.

படி 1: தேவையைக் கண்டறிதல்

ஊழியர் செய்ய வேண்டிய பணி என்ன, அதற்கு அவரிடம் இப்போதுள்ள திறன் என்ன, இரண்டுக்கும் இடைப்பட்ட குறை என்ன என்பதை முதலில் எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்ய வேண்டும். எல்லாக் குறையும் பயிற்சியால் தீர்வதில்லை. பிறப்புச் சான்றிதழ் தாமதமாவதற்குக் காரணம் கணினி இன்மையோ, காலிப் பணியிடமோ எனில், இருக்கும் ஊழியரை ஐந்து நாள் வகுப்புக்கு அனுப்புவது தாமதத்தை மேலும் கூட்டவே செய்யும்.

படி 2: அனுப்புவதா, வரவழைப்பதா?

வெளி நிறுவனம் நடத்தும் பொது வகுப்புக்கு ஒருவருக்கு ரூ.30,000 கட்டணம் எனவும், அதே நிறுவனம் 25 பேருக்குத் தனி வகுப்பு நடத்த ரூ.4.5 லட்சம் கோருகிறது எனவும் வைத்துக்கொள்வோம். பயிற்சி பெற வேண்டியவர்கள் 15 பேருக்குக் குறைவு எனில் பொது வகுப்பே சிக்கனம். 15 பேருக்கு மேல் எனில் தனி வகுப்பு சிக்கனம். 25 பேரும் பங்கேற்றால் ஒருவருக்கான செலவு ரூ.18,000 ஆகக் குறையும். பயணப்படி, தங்கும் செலவு ஆகியவற்றையும் இதனுடன் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

எனினும், பொது வகுப்பில் பிற மாநில, பிற துறை ஊழியர்களுடன் பழகும் வாய்ப்பு கிடைக்கிறது. தனி வகுப்பில் சொந்தக் கோப்புகளையும் சொந்தச் சிக்கல்களையும் முன்வைத்துப் பேச முடிகிறது. எது தேவை என்பதை முதல் படியில் எழுதிய குறிப்பே தீர்மானிக்க வேண்டும்.

படி 3: நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தல்

மத்திய அரசு அலுவலகங்களின் கொள்முதல், 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளுக்கு உட்பட்டது. போட்டி ஒப்பந்தப்புள்ளியே பொது விதி. ஒரே நிறுவனத்தை நேரடியாகத் தெரிவு செய்வது விதிவிலக்கு என்பதால், அதற்கான காரணத்தைப் பதிவு செய்து, உரிய அதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

இங்கு அதிகம் பேசப்படாத ஒரு நுணுக்கம் உள்ளது. ஆலோசனைச் சேவைகளைத் தரமும் விலையும் இணைந்த முறையில் தேர்ந்தெடுக்கும்போது, தரத்துக்கு அதிகபட்சம் 80 சதவீதம் வரை மதிப்பளிக்கலாம். ஆலோசனை அல்லாத சேவைகளுக்கு, 2021 அக்டோபரில் நிதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, விலை சாராத மதிப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

எடுத்துக்காட்டாக, தரத்தில் 90 மதிப்பெண் பெற்ற 'அ' நிறுவனம் ரூ.5 லட்சமும், 70 மதிப்பெண் பெற்ற 'ஆ' நிறுவனம் ரூ.4.5 லட்சமும் கோருவதாகக் கொள்வோம். மிகக் குறைந்த விலைக்கு 100 என்ற கணக்கில், விலைக்கான மதிப்பெண் 'அ'வுக்கு 90, 'ஆ'வுக்கு 100. தரத்துக்கு 30, விலைக்கு 70 எனப் பிரித்தால் 'அ' 90 மதிப்பெண்ணும், 'ஆ' 91 மதிப்பெண்ணும் பெற, வாய்ப்பு 'ஆ'வுக்குச் செல்கிறது. தரத்துக்கு 70, விலைக்கு 30 என மாற்றினால் 'அ' 90, 'ஆ' 79 என முடிவு தலைகீழாகிறது. பயிற்சியை எந்த வகைச் சேவையாகக் கோப்பில் குறிப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து, வகுப்பறையில் நிற்கப்போகும் பயிற்றுநரே மாறிவிடக்கூடும்.

படி 4: யாரை அனுப்புவது?

பெயர்ப் பரிந்துரையே இந்த ஏற்பாட்டில் அதிகக் கசப்பை உண்டாக்கும் கட்டம். அலுவலகத்தில் அதிக வேலை செய்பவரை விடுவிக்க மேலதிகாரிக்கு மனம் வராது. வேலை குறைவாக உள்ளவரே மீண்டும் மீண்டும் அனுப்பப்படுவார். ஓய்வுக்குச் சில மாதங்களே உள்ளவர் பயிற்சி பெறுவதும், பயிற்சி முடித்தவர் மறுவாரமே தொடர்பில்லாத பிரிவுக்கு மாற்றப்படுவதும் பணத்தையும் உழைப்பையும் வீணாக்குபவை.

இதைத் தவிர்க்க மூன்று எளிய ஏற்பாடுகள் போதும். யார், எப்போது, எந்தப் பயிற்சிக்குச் சென்றார் என்ற பதிவேட்டை அனைவரும் பார்க்கும்படி வைத்தல். பயிற்சிக் காலத்தில் அவரது பணியைக் கவனிப்பவர் யார் என்பதை முன்கூட்டியே ஆணையில் குறிப்பிடுதல். திரும்பியபின் குறிப்பிட்ட காலம் அதே பணியில் வைத்திருத்தல். அரசு அனுப்பும் பயிற்சிக் காலத்தைப் பணிக்காலமாகக் கருதுவதற்கு அடிப்படை விதிகளில் இடமிருப்பதால், ஊழியர் தமது விடுப்பை இழக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டின் அரசு ஊழியர் பயிற்சிச் சட்டம், ஊழியர்களை அரசு சாரா நிறுவனங்களில் பயிற்றுவிக்க அந்நாட்டு அரசு அமைப்புகளுக்கு அதிகாரம் அளித்தது. அவ்வாறு பயிற்சி பெறுபவர், பயிற்சிக் காலத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு காலம் அரசுப் பணியில் தொடர வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்கள் படிப்பு விடுப்பு எடுக்கும்போது, திரும்பிவந்து பணியாற்றுவதாகப் பிணைப்பத்திரம் அளிக்கும் நடைமுறை உள்ளது.

இணையவழிப் பயிற்சி மாற்றாகுமா?

2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'மிஷன் கர்மயோகி' திட்டம், ஏறத்தாழ 46 லட்சம் மத்திய அரசு ஊழியர்களை இலக்காகக் கொண்டு, ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.510.86 கோடி மதிப்பீட்டில் அறிவிக்கப்பட்டது. இதன் 'ஐகாட் கர்மயோகி' தளத்துக்கு ஓர் ஊழியருக்கு ஆண்டுச் சந்தா ரூ.431 என நிர்ணயிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு திறன் வளர்ப்பு ஆணையமும் அமைக்கப்பட்டது. 2024 அக்டோபரில் நடத்தப்பட்ட தேசியக் கற்றல் வாரத்தில், ஒவ்வொருவரும் குறைந்தது நான்கு மணி நேரம் கற்க வேண்டும் என இலக்கு வைக்கப்பட்டது.

சட்டம், விதிகள், அலுவலக நடத்தை போன்றவற்றைக் கற்பிக்க இணையம் சிக்கனமான வழி. ஆனால், தீயணைப்புக் கருவியைக் கையாள்வதையோ, நச்சுவாயுவைக் கண்டறிவதையோ திரையைப் பார்த்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. காணொளி முடிந்ததும் கிடைக்கும் சான்றிதழ், கை பழகியதற்குச் சான்றாகாது.

விடுபடுபவர்கள் யார்?

பயிற்சிப் பட்டியலில் உயர் அதிகாரிகள் இடம்பெறத் தவறுவது அரிது. விடுபடும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள் களப்பணியாளர்களும், ஒப்பந்ததாரர் வழியாகப் பணியமர்த்தப்படுவோருமே. நிரந்தர ஊழியர்களின் ஊதியத்தை அடிப்படையாகக் கொண்டு நிதி கணக்கிடப்படும்போது, ஒப்பந்தப் பணியாளர்கள் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

கழிவுநீர்த் தடங்களில் பணிபுரிவோர் விஷயத்தில் இதன் விலை உயிராகும். அபாயகரமான முறையில் கழிவுநீர்த் தடங்களையும் தொட்டிகளையும் சுத்தம் செய்ய ஆட்களை ஈடுபடுத்துவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. இத்தகைய உயிரிழப்புகளுக்கு ரூ.30 லட்சம் இழப்பீடு வழங்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20ஆம் தேதி தீர்ப்பளித்தது. மத்திய அரசின் 'நமஸ்தே' திட்டம், இப்பணியாளர்களைக் கணக்கெடுத்து, பாதுகாப்புப் பயிற்சியும் கவச உபகரணங்களும் வழங்குவதை நோக்கமாகக் கொண்டுள்ளது. தூய்மைப் பணியை வெளியாருக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தத்திலேயே பயிற்சிக்கான நாள்களையும், அந்நாள்களுக்கான கூலியையும் சேர்த்து எழுதினால், கூலி இழக்கும் அச்சமின்றி அவர்கள் பங்கேற்க இயலும்.

பயிற்றுமொழியும் இதே அளவு முக்கியமானது. ஆங்கிலத்தில் மட்டும் நடத்தப்படும் பாதுகாப்பு வகுப்பு, தெலுங்கோ தமிழோ மட்டும் அறிந்த பணியாளருக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து மட்டுமே. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே பயிற்றுமொழியைக் குறிப்பிடுவது இதற்கான தீர்வாகும்.

படி 5: பயன் கிடைத்ததா?

அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959ஆம் ஆண்டு முன்வைத்த நான்கு நிலை அளவீடு இன்றும் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. பயிற்சி பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டாரா, பணியில் கடைப்பிடிக்கிறாரா, அதனால் விளைவு மாறியதா என்பவையே அந்த நான்கு நிலைகள். கடைசி நாளில் நிரப்பப்படும் கருத்துப் படிவம் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் தருகிறது. மூன்று மாதங்களுக்குப் பிறகு நேரடி மேலதிகாரியிடமும், சேவை பெறும் மக்களிடமும் கேட்டால்தான் மற்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ், ஓர் அலுவலகம் கடந்த நிதியாண்டில் பயிற்சிக்கு ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை, தேர்ந்தெடுத்த நிறுவனங்கள், பணிநிலை வாரியாகப் பயிற்சி பெற்றோரின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசு அலுவலகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் ரூ.10 ஆகும், பொதுவாக 30 நாள்களுக்குள் பதில் அளிக்கப்பட வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

அப்பதிலில் கவனிக்க வேண்டியது மொத்தத் தொகையை மட்டுமல்ல. களப்பணியாளர்களில் எத்தனை பேர், எத்தனை நாள்கள், எந்த மொழியில் பயிற்சி பெற்றனர் என்ற வரியையும் பார்க்க வேண்டும். அந்த வரி காலியாக இருந்தால், அடுத்த ஆண்டுக்கான பயிற்சித் திட்டம் தயாராவதற்கு முன்பே அதனை வார்டு உறுப்பினரிடமும் துறைத் தலைவரிடமும் எழுத்து மூலம் சுட்டிக்காட்டலாம்.