பெயரும் மதிப்பும்: ஒரு பில் ஜேசான் ஆகும் வகை

மிளகு விற்கிறவனுக்குக் கம்ப்யூட்டர் மொழியில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, 2020 அக்டோபரில் பெரிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் வந்தது. நம் பில் அரசுக் கம்ப்யூட்டருக்குப் போவது ஜேசான் என்னும் வடிவில்தான்.

நிரலுக்குள் இருக்கும் பில்லை 'ஆப்ஜெக்ட்' என்பார்கள். அது தொகை கூட்டும், வரி போடும். ஆனால் அதை அப்படியே தூக்கி இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கொடுக்க முடியாது. எழுத்தாக மாற்றித்தான் அனுப்பணும். டக்ளஸ் கிராக்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் 2000-களின் தொடக்கத்தில் பரப்பிய வழி எளிது. ஒரு பெயர், அதற்கு எதிரே ஒரு மதிப்பு, அவ்வளவுதான்:

{"சரக்கு": "மிளகு", "குறியீடு": "0904", "கிலோ": 25}

கூட்டுகிற திறமை இதில் வராது, விவரம் மட்டுமே வரும். அது குறையில்லை. வாங்குகிற நிரலுக்குக் கூட்டத் தெரியும்.

குறை வேறு இடத்தில். மதிப்புக்கு இங்கே ஆறே வகை: எழுத்து, எண், ஆம்-இல்லை, வெறுமை, பட்டியல், உள்ளே இன்னொரு தொகுப்பு. மேலே 25-க்கு மேற்கோள் குறி இல்லை, 0904-க்கு இருக்கிறது, கவனித்தீர்களா? மிளகின் எச்.எஸ்.என். குறியீட்டை எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்யம் பறந்து 904 ஆகிவிடும். நம் தில்லியின் மாநிலக் குறியீடு 07-ம் வெறும் 7 ஆகும். கூட்டிக் கழிக்காத எண்ணையெல்லாம் எழுத்தாகவே வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

தேதிக்கோ தனி வகையே கிடையாது. பைதான் மொழி தேதியைக் கண்டதும் 'மாற்ற முடியாது' என்று நின்றுவிடும், அது நேர்மை. ஜாவாஸ்கிரிப்ட் தானாகவே மாற்றிக் கொடுக்கும், ஆனால் கிரீன்விச் நேரத்துக்கு. 2024 ஏப்ரல் 1 என்று மட்டும் போட்ட பில்லை நிரல் நம் நள்ளிரவாக எடுத்துக்கொண்டால், வெளியே வருவது மார்ச் 31, 18:30 மணி. நாம் ஐந்தரை மணி நேரம் முந்தியவர்களாச்சே! வாங்குகிறவர் நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்தால் பில் போன நிதியாண்டுக்குப் போய்விடும். இ-இன்வாய்ஸில் தேதியை நாள், மாதம், ஆண்டு என்று வெறும் எழுத்தாகவே கேட்கிறார்கள். சரியான ஏற்பாடு.

புது பில்லிங் நிரல் வாங்குகிறவர்கள் ஏப்ரல் 1 தேதியிட்டு ஒரு மிளகு பில் போட்டு, வரும் ஜேசானைத் திறந்து பாருங்கள். நோட்பேடிலேயே திறக்கும்.