பப்பாசிப்பழமும் பிள்ளைத்தாச்சியும்

“சேர், அக்காவுக்கு இது ஐந்தாம் மாதம். வளவு மரத்தில் பப்பாசி பழுத்துக் கிடக்கிறது. அவளுக்கோ ஆசை, ஆச்சியோ தொடவே விடமாட்டேன் என்கிறா. ஆச்சி சொல்வது உண்மைதானா?”

சென்ற வாரம் வகுப்பு முடிந்ததும் என் மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. பிள்ளைத்தாச்சி பப்பாசி உண்டால் கரு கலையும் என்னும் அச்சம் ஆசிய நாடுகள் பலவற்றிலும் உண்டு.

பப்பாசி நம் நாட்டுக்குரிய மரமன்று. அமெரிக்காக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலே தோன்றிய அது, ஐரோப்பியர் கடல்வழி வந்த பின்னரே கீழைத்தேசங்களை அடைந்தது. அதன் காயைக் கீறினால் வெண்ணிறப் பால் வடியும். அப்பாலிலுள்ள பப்பேயின் என்னும் நொதியம் புரதத்தைச் சிதைக்கும் இயல்புடையது. முற்றிய இறைச்சி இளகும்பொருட்டுக் காய்த்துண்டைச் சேர்த்துச் சமைப்பதும் இதனாலேயே. காய் பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடுகின்றது. கேள்விக்குரிய விடையின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் அடெபியி, அடைக்கன், பிரசாத் ஆகிய ஆராய்ச்சியாளர் மூவர் இந்நம்பிக்கையை எலிகளைக் கொண்டு சோதித்து, முடிவுகளை 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சினையுற்ற எலிகளுக்குப் பழுத்த பப்பாசியை நீருடன் அரைத்து, வேண்டிய மட்டும் குடிக்கக் கொடுத்தார்கள். கருப்பையிற் பதிந்த கருக்களின் தொகையிலோ உயிருள்ள குட்டிகளின் தொகையிலோ, பழம் பெறாத எலிகளோடு ஒப்பிடுகையில், குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை.

அடுத்து, எலியின் கருப்பைத் தசையை வேறாக எடுத்துப் பரிசோதித்தார்கள். பழச்சாறு பட்டபோது தசை குறிப்பிடத்தக்கவாறு சுருங்கவில்லை. காயின் பால் பட்டதும் இழுத்துச் சுருங்கியது. மில்லிலீற்றருக்கு 0.2 மில்லிகிராம் பாலே, ஈனும் நாளை அண்மிய எலியின் கருப்பையில், பிரசவ வேளையிற் சுரக்கும் ஒட்சிற்றோசினை ஒத்த சுருக்கத்தை உண்டாக்கியது.

இதனைக் கொண்டு அவசர முடிவுக்கு வருதலும் தவறு. எலி வேறு, மனிதர் வேறு. மேலும், தசையின்மீது நேரே பட்ட பாலும், உணவாகி வயிற்றிற் சமிபாடடைந்த பாலும் ஒன்றாகா. ஆயினும் கருவுற்ற காலத்திற் காயையும் செங்காயையும் விலக்குவதே விவேகம். காய்ப்பாலை மருந்தென எண்ணித் தாமாக அருந்துவோர் உயிரோடு விளையாடுகிறார்கள்.

நன்கு கனிந்த பழமோ வேறு. உயிர்ச்சத்து ‘சி’யும், உடலில் உயிர்ச்சத்து ‘ஏ’யாக மாறும் கரோட்டினும் அதில் உள்ளன. தாய்க்கும் சேய்க்கும் வேண்டிய சத்துகள் இவை. வளவிலே விலையின்றிக் கிடைக்கும் ஒரு நல்லுணவை, வேண்டிய வேளையில் வீணே மறுப்பானேன்?

மாணவனுக்கு நான் சொன்னது இதுதான்: “ஆச்சி காயைப் பற்றிச் சொன்னால் கேளுங்கள், அவவின் எச்சரிக்கை வீணன்று. நன்றாகக் கனிந்த பழத்தைப் பற்றியானால், அக்காவைக் காணும் வைத்தியரிடமோ மருத்துவமாதுவிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஆச்சியின் கையாலேயே ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கச் சொல்.”