வள்ளியூரிலிருந்து உலகை அளந்தால்...

உலக வரைபடத்தில் ஐஸ்லாந்தையும் தமிழ்நாட்டையும் மாறி மாறிப் பாருங்கள். கைபேசியில் விரியும் தட்டைப் படத்தில், நான்கு தமிழ்நாட்டை ஐஸ்லாந்துக்குள் அடக்கிவிடலாம் போலத் தோன்றும். உண்மைக் கணக்கு தலைகீழ். ஐஸ்லாந்தின் பரப்பு சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000. ஆட்களை எண்ணினால் வித்தியாசம் இன்னும் கூடும். ஐஸ்லாந்து முழுவதிலும் 4 லட்சம் பேர் கிடையாது. 2011 கணக்கெடுப்பின்போது திருநெல்வேலி மாநகராட்சிக்குள் மட்டுமே 4.7 லட்சம் பேர் இருந்தார்கள்.

இந்த மயக்கத்தின் வேர் 1569-இல் இருக்கிறது. ஜெரார்டஸ் மெர்க்கேட்டர் அந்த ஆண்டு வெளியிட்ட உலகப் படத்தின் முறைதான் இன்றைய இணைய வரைபடங்கள் பலவற்றுக்கும் அடிப்படை.

எங்கே ஊதுகிறது?

உருண்டையான பூமியில் தீர்க்கரேகைகள் துருவத்தை நெருங்க நெருங்க ஒன்றையொன்று ஒட்டி வருகின்றன. நெல்லை மாவட்டத்து வள்ளியூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8.4 டிகிரியில் இருக்கிறது. இங்கே ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு இடைவெளி 110 கி.மீ. ஹெல்சிங்கி, ஓஸ்லோ இருக்கும் 60 டிகிரியில் அது 56 கி.மீ. மட்டுமே. மெர்க்கேட்டர் இரண்டையும் ஒரே அகலத்தில் வரைந்தார். அகலம் இரு மடங்கானதும் உருவம் கோணக்கூடாது என்பதற்காக உயரத்தையும் இரு மடங்காக்கினார். ஆக, 60 டிகிரியில் பரப்பு நான்கு மடங்கு. கிரீன்லாந்தின் நடுப்பகுதியான 72 டிகிரியில் பத்து மடங்கு. வள்ளியூரிலோ வெறும் 2 சதவீதமே கூடுகிறது. படம் நம்மைச் சுருக்கவில்லை, வடக்கை ஊதிவிட்டது.

தெரிந்தே செய்த ஏற்பாடு அது. இந்தப் படத்தில் இரண்டு துறைமுகங்களை இணைத்து நேர்க்கோடு போட்டால், திசைகாட்டி முள்ளை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு கப்பலைச் செலுத்தலாம். கோணம் கெடாத அதே குணத்தால்தான் இன்றும் நாற்சந்தி எந்த ஊரிலும் நாற்சந்தியாகவே திரையில் தெரிகிறது. கடலோடிக்காகச் செய்த படத்தைக் கொண்டு நாடுகளின் பருமனை மதிப்பிடுவதில்தான் கோளாறு.

இதைச் சோதிப்பது எளிது. தட்டையான இணைய வரைபடத்தில் வள்ளியூரைத் திறந்து, ஓரத்திலுள்ள அளவுகோலைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிதாக்காமல், சிறிதாக்காமல் அப்படியே ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்குக்கு நகர்த்துங்கள். இங்கே 100 கி.மீ. காட்டிய நீளம் அங்கே 44 கி.மீ. தான்.

சங்கிலியால் அளந்த பூமி

அப்படியானால் சரியான பரப்பு எப்படித் தெரிந்தது? அதில் நம் மண்ணுக்குப் பங்குண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 100 அடிச் சங்கிலியை வைத்து அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீள அடிக்கோட்டுக்கு 57 நாள் பிடித்தது. அதன்மேல் முக்கோணம் முக்கோணமாகக் கோத்து, கன்னியாகுமரிப் பக்கம் வரை அளவை வந்து சேர்ந்தது. குன்றில்லாத சமவெளியில் கோயில் கோபுரங்களே அவருக்கு மேடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கோணம் அளக்கும் பெரிய தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியது. அதை அவரே செப்பனிட்டார். அந்த முக்கோண வரிசை 1841-க்குள் டேராடூன் வரை சுமார் 2,400 கி.மீ. நீண்டது. பூமி எந்த அளவுக்கு வளைந்திருக்கிறது என்பதைக் கண்டறிவதும் லாம்டனின் நோக்கம். அந்த வளைவுதான் தட்டைத் தாளில் எதையாவது விட்டுக்கொடுக்க வைக்கிறது.

எதை விடுவது என்பதில்தான் வாதம். 1973-இல் ஆர்னோ பீட்டர்ஸ் பரப்பு மாறாத படத்தை முன்வைத்துப் பெரும் விவாதத்தைக் கிளப்பினார். அதே அமைப்பை ஜேம்ஸ் கால் 1855-லேயே சொல்லியிருந்தார். பரப்பு சரி, ஆனால் கண்டங்கள் இழுத்துவிட்டதுபோல் நீண்டன. 2018-இல் வந்த ‘ஈக்வல் எர்த்’ படம் பரப்பைக் காத்து, உருவத்தையும் ஓரளவு காப்பாற்றுகிறது. 2025 ஆகஸ்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் மெர்க்கேட்டரைக் கைவிடக் கோரும் இயக்கத்தை ஆதரித்தது. காரணம் புரியக்கூடியதே: கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு பெரிய ஆப்பிரிக்கா, அந்தப் படத்தில் அதற்குச் சமமாகத் தெரிகிறது.

தமிழ்நாடே முழக்கோல்

பரப்பு சரியான படமும் மக்கள்தொகையைச் சொல்லாது. அதற்குக் கையிலிருக்கும் நல்ல முழக்கோல் தமிழ்நாடு: பரப்பு 1.3 லட்சம் சதுர கி.மீ., மக்கள் 2011 கணக்குப்படி 7.21 கோடி. இலங்கை பரப்பில் அரைத் தமிழ்நாடு. கிரீஸ் ஏறக்குறைய ஒன்று. ஆனால் அங்கே இருப்பவர்கள் ஒரு கோடியைச் சற்றே தாண்டுவார்கள். ஜப்பான் பரப்பில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. கனடா 77 தமிழ்நாடு; மக்களோ ஒரு தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்று மேல். ரஷ்யா பரப்பில் 131 தமிழ்நாடு, மக்களில் இரண்டே தமிழ்நாடு. வங்கதேசம் பரப்பில் ஒன்றைக் கொஞ்சம் தாண்டும். மக்களில் ரஷ்யாவையே மிஞ்சும்.

நாடுகளை மக்கள்தொகைக்கு ஏற்ப வீங்கவும் மெலியவும் வைத்து வரையும் படங்களும் உண்டு. காஸ்ட்னர், நியூமன் இருவரும் 2004-இல் தந்த கணக்குமுறை அதற்கு வழிகாட்டியது. நெருக்கமான இடத்திலிருந்து ஆளில்லாத இடத்துக்கு மக்கள் பரவி, எங்கும் ஒரே அடர்த்தி வரும்வரை எல்லைக்கோடுகளை நகர்த்தும் முறை அது. அதில் இந்தியா உப்பிப் பெருத்துவிடும். ரஷ்யா இளைத்த பட்டையாகிவிடும்.

அதோடும் கணக்கு முடிவதில்லை. பிரிக்கப்படாத நெல்லை மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 450 பேர் அளவில் இருந்தார்கள். அந்தச் சராசரி பொருந்தும் ஊரைத் தேடினால் திண்டாட வேண்டும். களக்காடு–முண்டந்துறைக் காட்டில் ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. தாமிரபரணிக் கால்வாய் பாயும் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரத்தில் கார், பிசானம் என்று இரு போகம் விளைந்து ஊர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரியில் வீடுகள் கலைந்து நிற்கின்றன. எகிப்தும் அப்படித்தான்: 10 லட்சம் சதுர கி.மீ. நாட்டில் மக்கள் பெரும்பாலும் நைல் கரையிலும் அதன் கழிமுகத்திலும் அடங்கிவிடுகிறார்கள்.

ஆகவே எந்த நாட்டையும் படத்தில் பார்த்ததும் மூன்று கேள்வி போதும்: பரப்பில் எத்தனை தமிழ்நாடு, மக்களில் எத்தனை தமிழ்நாடு, அந்த மக்களுக்குத் தண்ணீர் எந்தப் பக்கம்? முதல் இரண்டுக்கும் வகுத்தல் தெரிந்தால் போதும். மூன்றாவதுக்கு ஆறுகள் குறித்த வேறொரு படத்தை எடுக்க வேண்டியிருக்கும்.